கூட்டத்தில் வரும் ஜெபம் தனிமையில் வரவில்லை

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 36. ஆசிரியை. சபையில் சிறுவர் ஊழியம், நோயாளிகளைச் சந்திப்பது, மிஷனரிகளுக்கான ஜெபக்குழு என்று எல்லாமே என் பொறுப்பில் இருக்கிறது. மைக்கைப் பிடித்தால் ஜெபம் தடையில்லாமல் வரும், கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். ஆனால் வீட்டில் தனியாக முழங்கால்படியிட்டால் ஒரு வார்த்தைகூட வருவதில்லை. மனது நாளைய வேலைகளுக்கு ஓடிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் போனை எடுத்துவிடுகிறேன். பல மாதங்களாக இப்படித்தான்.

சமீபத்தில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஜெபத்தாலதான் என் மகனுக்கு வேலை கிடைச்சது" என்று அழுதார். ஜெபிப்பதாகச் சொன்னேனே தவிர, அந்தப் பையனுக்காக நான் ஒரு நாளும் ஜெபிக்கவில்லை. அன்று இரவு தூக்கமே வரவில்லை. நான் மாய்மாலக்காரியா? சபையின் மூத்த சகோதரி ஒருவரிடம் சாடையாகச் சொன்னேன். "இது பின்மாற்றம், விசுவாசத்துல பின்வாங்கிட்டீங்க, உபவாசம் எடுங்க" என்றார். எடுத்தேன். பசிதான் வந்தது. ஊழியத்தை விட்டுவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

அன்புச் சகோதரிக்கு,

"பசிதான் வந்தது" என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை கொடுத்த வரி அதுதான். உள்ளதை உள்ளபடி சொல்ல உங்களுக்கு வருகிறது. கடவுளிடம் மட்டும் ஏனோ அப்படிப் பேசத் தயங்குகிறீர்கள். மாய்மாலம் பண்ணுகிறவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கேள்வியை இங்கேயே விட்டுவிடுவோம்.

நீங்கள் ஜெபிப்பதெல்லாம் பிறருக்காக, பிறர் முன்னால். அதனால் ஆள் இல்லாத அறையில் என்ன பேசுவதென்று மனதுக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று. அதோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. முழங்கால்படியிட்டதும் அது குத்துகிறது, போனை எடுத்ததும் அடங்குகிறது. அடங்கியதில் கிடைத்த நிம்மதிக்காக மனது மறுநாளும் போனையே தேடும். இது மனம் இயங்கும் விதம். இதைப் பின்மாற்றம் என்று சொல்ல நான் தயாரில்லை.

மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மாலையில் ஊரே வாசலில் கூடியிருந்தது. இயேசு பலரைச் சுகமாக்கினார். மறுநாள் இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்தார். நாம் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்தி, அதிகாலை ஜெபத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிடுவோம். அடுத்து நடப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. சீடர் சீமோன் தேடிவந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். இயேசு திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். விட்டுவந்த ஊரில் இன்னும் நோயாளிகள் இருந்திருப்பார்கள். ஆனாலும் எதற்காக வந்தோம் என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. தனி ஜெபத்தில் கிடைக்க வேண்டிய அந்தத் தெளிவு இல்லாததால்தான், தேடிவருகிற ஒவ்வொருவருக்கும் நீங்கள் சரி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மிஷனரி ஜெபக்குழு நடத்தும் உங்களுக்கு மொரேவியர் என்ற கிறிஸ்தவச் சமூகத்தாரைத் தெரிந்திருக்கும். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் 1727-இல் தொடங்கிய அவர்களுடைய இடைவிடாத ஜெபம் நூறு ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்தது. 1732-இல் அந்தச் சிறிய சமூகத்திலிருந்து முதல் மிஷனரிகள் கரீபியன் தீவுக்குப் புறப்பட்டார்கள். இதைச் சொல்லும்போது நூறு ஆண்டுகளைத்தான் வியக்கிறோம். ஆனால் ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் அவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவருக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம். மற்ற நேரத்தில் இன்னொருவர் ஜெபிக்கிறார் என்று நம்பித் தூங்கினார்கள். உங்கள் சபையில் அந்தப் பங்கீடு நடந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே ஊழியத்தை முழுவதும் விட வேண்டாம். மூன்று பொறுப்புகளில் ஒன்றைச் சில மாதங்களுக்கு வேறொருவரிடம் ஒப்படையுங்கள். என்னைக் கேட்டால் ஜெபக்குழுவை. போங்கள், ஆனால் பின்வரிசையில் உட்காருங்கள், மைக்கைத் தொடாதீர்கள்.

வீட்டில் ஐந்து நிமிடம் போதும். ஜெபக்குறிப்பு வேண்டாம், முழங்கால் கட்டாயமில்லை. 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், மொத்தமே ஆறு வசனம்தான். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தாவீது கேட்டதை நீங்களும் கேட்கலாம். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை புலம்பலாகவே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. "ஆண்டவரே, எனக்குப் பேசப் பிடிக்கவில்லை" என்பதும் ஜெபம்தான். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது, பல பத்தாண்டுகள் அவர் ஜெபத்தில் வெறுமையை அனுபவித்தது தெரியவந்தது. அவர் ஜெபத்தையும் விடவில்லை, அதை ஓர் ஆன்மிக வழிகாட்டியிடம் சொல்லாமலும் இருக்கவில்லை. உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். சாடையாக அல்ல, முழுவதும் சொல்லுங்கள். உடனே பரிகாரம் சொல்கிறவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவிடம் இப்போது போய் உண்மையைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்திருப்பீர்கள். வேண்டாம். உங்கள் பாரம் குறையலாம், அவருடைய சந்தோஷம் கெடும். இன்றைக்கு அந்தப் பையனுக்காக ஜெபியுங்கள், புது வேலையில் அவனுக்கும் தேவைகள் இருக்கும். இனி யாராவது ஜெபிக்கச் சொன்னால், அங்கேயே நின்று இரண்டு வரி ஜெபித்துவிடுங்கள்.

இப்போதைக்கு உபவாசமும் வேண்டாம். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் அப்பமும்தான். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். அப்புறம், தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, காரணமில்லாத அழுகை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். சபையில் யாராவது மருத்துவரிடம் போவதை விசுவாசக் குறைவு என்று சொன்னால், அவரிடம் விவாதிக்காமல் போய்வாருங்கள்.