மறுமொழி: அண்ணப் பிளவு சத்திரசிகிச்சைக்குப் பிறகும் மகள் ‘அக்கா’வை ‘அ-ஆ’ என்கிறாள், போனில் கண்டுபிடிக்கலாமா?

வணக்கம் சகோதரி. அப்படிச் சொல்வதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்கலாம், ஓரளவுக்கு. நான் கொழும்பில் பேச்சுச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். பிராட் (Praat) என்ற, பேச்சொலியைப் படமாகக் காட்டும் இலவச மென்பொருளைக் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. வாட்ஸ்அப் குரல் பதிவு வேண்டாம், அது ஒலியைச் சுருக்கி நுணுக்கங்களைத் தின்றுவிடும். போனில் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதிந்து, அதைப் பிராட்டில் திறங்கள். வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்க அறை என்றால் பஸ் இரைச்சலும் சேர்ந்து விழும், உள்ளறையில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பதியுங்கள்.

‘அப்பா’, ‘அக்கா’, ‘பாட்டி’ என்று இரட்டித்த வல்லினச் சொற்களையே சொல்லச் சொல்லுங்கள். தமிழில் ஒற்றை வல்லினம் சொல்லின் நடுவே மென்மையாகிவிடும், அதை வைத்து முடிவு சொல்வது கஷ்டம். நீங்கள் சொல்லும் ‘அக்கா’வின் நிறமாலைப் படத்தில் (ஒலி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படம், spectrogram) முதலில் வெற்றிடம், அப்புறம் மெல்லிய செங்குத்துக் கோடு தெரியும். நாக்கு அண்ணத்தை விட்டுக் காற்று வெடிக்கும் கணம் அது. மகளின் படத்தில் வெற்றிடம் மட்டும் இருந்து கோடு இல்லையென்றால், பிள்ளை அந்த ஒலியைத் தொண்டையில் அடைத்துச் சொல்கிறாள் போல. இது ஒலியை வாய்க்குப் பதில் தொண்டையில் எழுப்பிப் பழகிப்போனது, பயிற்சியால் திருத்தலாம்.

மூக்கால் காற்று கசிவது வேறு விஷயம். ‘பாப்பா’ சொல்லும்போது மூக்கின் கீழே சின்னக் கண்ணாடி பிடியுங்கள். ஆவி படிந்தால் மென்அண்ணம் (அண்ணத்தின் பின்பக்க மென்மையான பகுதி) மூக்குவழியைச் சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்படியென்றால் பயிற்சி மட்டும் போதாமல் போகலாம், சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டும். பதிவுகளைத் திகதி போட்டு வைத்து, கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.