கைக்குழந்தையோடு ஃபோர்ட் பக்கம் போனால் கழிப்பறைக்கு எங்கே ஒதுங்குவது?

கேள்வி: மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறோம். ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். அவரையும் என் எட்டு மாதக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிராஃபோர்டு மார்க்கெட், கேட்வே எல்லாம் போய்வர ஆசை. மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் அடிக்கடி பாத்ரூம் போகவேண்டும். காசில்லாமல் போக சுத்தமான கழிப்பறையும், குழந்தைக்கு டயப்பர் மாற்ற இடமும் அங்கே கிடைக்குமா?

பதில்: முதலில் இரண்டையும் பிரித்துவிடுங்கள். மாமியாருக்கு வேண்டியது கழிப்பறை. குழந்தைக்கு வேண்டியது படுக்க வைக்க ஒரு மேடை, கொஞ்சம் மறைவு, காற்று, பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி. தெருவோரக் கட்டணக் கழிப்பறைகளில் இவை எதுவும் பெரும்பாலும் இருக்காது. ஈரத் தரையில் நின்றுகொண்டு, பையைத் தோளில் மாட்டி, குழந்தையை ஒரு கையில் பிடித்து டயப்பர் மாற்றுவது வித்தைக்காரர்கள் செய்யவேண்டிய வேலை.

இரண்டும் ஒரே வளாகத்தில் கிடைப்பது ரயில் நிலையத்தில்தான். வி.டி. என்று நாம் இன்னும் சொல்லும் சி.எஸ்.எம்.டி., தாதர், எல்.டி.டி. எனப்படும் குர்லா டெர்மினஸ், தாணே போன்ற நிலையங்களில் மத்திய ரயில்வே தாய்மார்களுக்காகச் சிறு அறைகள் வைத்திருக்கிறது. நர்சிங் பாட் என்று கேளுங்கள். மெத்தை இருக்கை, டயப்பர் மாற்றும் மேடை, விசிறி, விளக்கு, குப்பைத்தொட்டி எல்லாம் உள்ளே உண்டு. 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் திறந்தார்களே, அந்தப் பாலூட்டும் அறைகளின் சின்ன வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் இறங்கியதும் அது எந்தப் பக்கம் என்று விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. குழந்தை அழ ஆரம்பித்த பிறகு தேடக்கூடாது.

ஜி.டி.பி. நகரில் ஹார்பர் லைன் பிடித்தால் நேரே சி.எஸ்.எம்.டி. வந்துவிடலாம். போகும்போதே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்சியில் வந்தாலும் நிலையத்துக்குள் நுழைய ஒரு டிக்கெட் வேண்டும்: பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய், லோக்கலில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். எது லாபம் என்று மும்பைவாசிக்குச் சொல்ல வேண்டுமா? ஆனால் அந்த 5 ரூபாய் டிக்கெட் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ரயில் ஏறவேண்டும் என்பது கணக்கு.

கிராஃபோர்டு மார்க்கெட்டிலிருந்து சி.எஸ்.எம்.டி. நடக்கிற தூரம்தான். அதனால் கடைவீதிக்கு நடுவே கழிப்பறை தேடுவதைவிட, கிளம்பும் முன்பும் முடித்த பின்பும் நிலையத்துக்குள் போய்வருவதே என் யோசனை. நடுவில் அவசரம் என்றால் "சுலப் கிதர் ஹை?" (சுலப் கட்டணக் கழிப்பறை எங்கே?) என்று கேளுங்கள்; யாரும் கைகாட்டுவார்கள். கையில் சில்லறை இருக்கட்டும். ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசில்லை, பெண்களிடம் மட்டும் வாங்குவதா என்று 2011இல் தொடங்கிய 'ரைட் டு பீ' இயக்கம் கேட்ட கேள்வி இன்றும் பல வாசல்களில் அப்படியே நிற்கிறது. நியாயம் உங்கள் பக்கம்தான். ஆனாலும் சர்க்கரைக்காரரை நிற்க வைத்துக்கொண்டு சில ரூபாய்க்காகச் சண்டை போடாதீர்கள்.

கேட்வே பக்கம் கொஞ்சம் சிரமம். காலாகோடாவில் ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை 11 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். உள்ளே கழிப்பறை உண்டு, நாலு ஓவியமும் பார்த்துவிட்டு வரலாம். கேட்வேயிலிருந்து எலிபெண்டா தீவுக்குப் படகு ஏறுவதாக இருந்தால் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

பெரிய ஹோட்டல்களில் கேட்கலாமா? தாராளமாக. காவலரிடம் "குழந்தைக்கு மாற்ற வேண்டும்" என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். கைக்குழந்தையோடு நிற்பவரைத் திருப்பியனுப்பப் பலருக்கு மனசு வராது. 1867ஆம் ஆண்டு சத்திரச் சட்டப்படி எந்த ஹோட்டலும் மறுக்க முடியாது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி வாசலில் வாதாட வேண்டாம். உணவகங்கள் கழிப்பறையைப் பொதுமக்களுக்கும் திறக்கவேண்டும் என்று 2017இல் உத்தரவு போட்டது தெற்கு டெல்லி மாநகராட்சி, அது அந்த ஊருக்கு.

டயப்பர் மாற்ற மட்டும் என்றால் துணிக்கடையின் ட்ரையல் ரூமைக் கேளுங்கள். பெண்கள் வேலை செய்யும் கடையாக இருந்தால் பெரும்பாலும் விடுவார்கள். கீழே விரிக்க வீட்டிலிருந்து ரப்பர் ஷீட் எடுத்துப்போங்கள். மங்கள்தாஸ் மார்க்கெட்டில் துணி விரித்துக் காட்டும் வெள்ளை மெத்தையைப் பார்த்தால் ஆசை வரும். அது மட்டும் வேண்டாம்.

மாமியாருக்கு முட்டிவலியும் இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையைக் கேளுங்கள், அதில்தான் வெஸ்டர்ன் கோப்பை இருக்கும். பாத்ரூமுக்குப் பயந்து அவர் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது நல்லதல்ல.

பழைய செய்தித்தாள் நாலு தாள் பையில் இருக்கட்டும். அழுக்கு டயப்பரை அதில் இறுக்கிச் சுற்றித் தொட்டியில் போடுங்கள். திடக்கழிவு விதிகளும் சுற்றித்தான் போடச் சொல்கின்றன. கோப்பைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும், அடுத்து வருபவருக்குக் கதவு பூட்டியிருக்கும்.

அப்படிப் பூட்டியோ, தண்ணீர் இல்லாமலோ மாநகராட்சிக் கழிப்பறை எதையாவது பார்த்தால் 1916க்கு அழையுங்கள். ஃபோர்ட், கொலாபா என்றால் ஏ வார்டு, உங்கள் வீட்டுப் பக்கம் எஃப் நார்த். வார்டைச் சொன்னால் புகாரை எங்கே அனுப்புவது என்று அவர்கள் தேடவேண்டியிருக்காது.