விலாசமா, விளாசலா?

கேள்வி: சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு வீடு மாறி மூன்று மாதம் ஆகிறது. ஆதாரில் விலாசம் மாற்றப் போனால் புது வீட்டு கேஸ் ரசீது கேட்கிறார்கள். கேஸ் ஏஜென்சியில் புது விலாசம் போட்ட ஆதார் கேட்கிறார்கள். வங்கியில் இரண்டையும் கேட்கிறார்கள். ஒரு பாலாற்றைத் தாண்டியதற்கு இவ்வளவு தண்டனையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காட்பாடி

பதில்: பெயரை விடுங்கள். தெருவையாவது எழுதியிருக்கலாம். விலாசத்தைப் பற்றிக் கேட்கிறவரே விலாசம் கொடுக்காவிட்டால் எப்படி?

ஆனாலும் 'விலாசம்' என்று எழுதியதற்காக உங்களுக்கு ஒரு கும்பிடு. நான் அந்தச் சொல்லை எழுதினால் போதும், "முகவரி என்ற நல்ல தமிழ் இருக்கும்போது ஏன் இந்த வடசொல்?" என்று பேரணாம்பட்டிலிருந்து ஓர் அன்பர் கார்டு போட்டுவிடுவார். பல வருடச் சண்டை இது. ஐயா, விலாசம் என்றால் விளையாட்டு, ஒய்யாரம். ஒரு காலத்தில் மேடை நாடகங்களுக்கே விலாசம் என்றுதான் பெயர் வைத்தார்கள். ஓட்டல்காரர்கள் இன்னும் 'விலாஸ்' என்று போர்டு மாட்டுகிறார்கள். முகவரியில் என்ன இருக்கிறது? ஒரு முகம், ஒரு வரி. கவுண்டரில் கேட்பதும் அந்த இரண்டைத்தான். முகத்தை கேமராவுக்குக் காட்டு, வரி கட்டிய ரசீதை எனக்குக் காட்டு. வாடகைக்கு இருப்பவனிடம் முகம் மட்டும்தான் இருக்கிறது. வரி ரசீது ஹவுஸ் ஓனர் பீரோவில் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அன்பர் சொன்ன சொல்தான் இந்த வேலைக்குப் பொருத்தம் போலிருக்கிறது. இதை வைத்து அவர் இன்னொரு கார்டு போடுவார், போடட்டும்.

சரி, சத்துவாச்சாரிக்கு வருகிறேன். அங்கிருந்து வீடு மாறிய பெரிய மனிதர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் நெடுங்காலம் சத்துவாச்சாரி ஜலகண்ட விநாயகர் கோயிலில்தான் தங்கியிருந்தார். பிள்ளை வீட்டில் அப்பா தங்குவது நம் ஊரில் புதிதா? 1981 மார்ச் 16-ல் லாரி ஏறிக் கோட்டைக்குத் திரும்பிவிட்டார். அதுவும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடத்துக்கு. இப்போது அவரே இ-சேவை மையத்துக்குப் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. "பெயர்?" "ஜலகண்டேஸ்வரர்." "இன்ஷியல்?" அநாதிக்கு ஏது இன்ஷியல்? "பிறந்த தேதி?" அதற்கும் பதில் இல்லை. "பழைய விலாசம்?" "மகன் வீடு." "புது விலாசத்துக்கு ப்ரூஃப்?" "நானூறு வருடத்துக்கு மேலாக என் பெயரில்தான் அந்தக் கோயில் இருக்கிறது." "அதெல்லாம் சரி சாமி, கரண்ட் பில் யார் பேரில வருது?" அதற்குள் கவுண்டர் பையன் திரையைப் பார்த்து, சத்துவாச்சாரிக்கு ஆங்கிலத்தில் ஓர் 'எச்' கூடுதலாக இருக்கிறது, இது வேறு ஊர் என்று எடுத்துக்கொள்ளும் என்பான். கடைசியில் "சர்வர் டவுன், திங்கட்கிழமை வாங்க" என்பான். திங்கட்கிழமை அவருக்குக் கூட்டம் அதிகம்.

சாமி வந்தது இருக்கட்டும், சென்னை நண்பர்களுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. வேலூர் என்றதும் 'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு' என்று அதே பழைய கிண்டல். சாமி 1981-ல் வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியது. ராஜாவா? கண்டி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரை 1816-ல் இந்தக் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள், 1832-ல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை. வெளியே போகத்தான் அனுமதி இல்லை. உங்களை விலாசம் மாற்றச் சொல்கிற உலகம் ஒரு கிண்டலை நாற்பது வருடமாக மாற்றவில்லை.

மாற்றம் என்றதும் இன்னொன்று. வாலாஜாபேட்டையில் ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்தபோது வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் திருவண்ணாமலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டம். 2019-லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். மனிதர் திண்ணையை விட்டு இறங்கவில்லை, நாலு மாவட்டம் பார்த்துவிட்டார். 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகரமே சித்தூர்தான். இப்போது அது வேறு மாநிலம். வீட்டு வாசலில் ப.எண் 14, பு.எண் 37 என்று இரண்டு தகரம். 14-ஐ அடித்த ஆணி துருப்பிடித்துவிட்டது, ஆனால் தபால்காரருக்கு அதுதான் தெரியும். அரசாங்கம் மாவட்டத்தை மாற்ற ஓர் அரசாணை போதும். நீங்கள் தெருவை மாற்ற மூன்று ஜெராக்ஸ், அதில் உங்கள் கையெழுத்து, அந்தக் கையெழுத்து உங்களுடையதுதான் என்று இன்னொருவர் கையெழுத்து.

கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திட்டுவீர்கள். முதலில் ஆதார். கேஸ் ரசீதுதான் வேண்டும் என்றில்லை, பதிவு செய்த வாடகை ஒப்பந்தமும் செல்லும். பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. விலாசத்துக்குக் கணக்கே இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வாடகைக்காரன் மேல் யாரோ ஒருவருக்கு இரக்கம் இருந்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு மாறிவிட்டால் மற்றவர்கள் 'குடும்பத் தலைவர்' ஒப்புதலோடு மாற்றிக்கொள்ள 2023-லிருந்து வழி இருக்கிறது. குடும்பத் தலைவர் யார் என்பதை வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள், கவுண்டரில் ஆரம்பிக்காதீர்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. வண்டி இருந்தால் ஆர்.சி.யில் மாற்ற 30 நாள்தான் கெடு, உங்களுக்கு அது தாண்டிவிட்டது. பாஸ்போர்ட்டில் திருத்தம் போட மாட்டார்கள், புதுப் புத்தகமே வாங்க வேண்டும்.

இவ்வளவு இடத்தில் மாற்றப் போனவர் நம் சந்தாவில் மாற்றினீர்களா? இல்லை. கடிதத்தில் எழுதியிருந்த சந்தா எண்ணை வைத்துப் பார்த்தேன். உங்கள் இதழ் இன்னும் சத்துவாச்சாரிக்குத்தான் போகிறது. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர் போன மாதக் குறுக்கெழுத்தைச் சரியாக நிரப்பி, உங்கள் சந்தா எண்ணையே போட்டு அனுப்பியிருக்கிறார். பரிசுப் புத்தகத்தை அந்த விலாசத்துக்கே அனுப்பிவிட்டோம்.