சென்டர் பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். பொலேரோ பிக்கப் வைத்திருக்கிறார், கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வருகிற வண்டி. கொஞ்ச நாளாக வண்டியைக் கிளப்பும்போது அடியில் ஒரு உதறல், வேகம் பிடித்தால் ஒரே இரைச்சல். புரொப்பல்லர் ஷாஃப்டின் (கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டு) நடுவைத் தாங்குகிற சென்டர் பேரிங் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். ஓரளவு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாமா என்பதுதான் கேள்வி.

மாற்றலாம், ஆனால் உங்கள் வாசல் சரிவாக இருந்தால் அங்கே வேண்டாம். மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் கியரில் போட்டு நிறுத்துகிற பழக்கம் கையோடு வந்துவிடும். அந்தப் பிடி பின் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதே இந்த ஷாஃப்ட் வழியாகத்தான், அதைக் கழற்றிய நொடியில் நீங்கள் எந்த கியரில் போட்டிருந்தாலும் வண்டி நியூட்ரலில் நிற்கிறது என்றுதான் அர்த்தம். கழற்றும் முன்பேகூட ஆபத்து உண்டு: பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால், தூக்கிய சக்கரம் சும்மா சுற்ற டிஃபரன்ஷியல் (பின் சக்கரம் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரப் பெட்டி) இடம் கொடுத்துவிடும், தரையில் இருக்கிற சக்கரத்தை கியர் பிடிக்காது. ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கே கியர் பாக்ஸுக்குப் பின்னால் இந்த ஷாஃப்டைத்தான் பிடிக்கும், ஷாஃப்ட் போனால் அதுவும் போச்சு. அதனால் சமதளமான, கெட்டியான தரை, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் நல்ல மரக்கட்டை, தூக்க வேண்டியிருந்தால் ஆக்ஸிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

சரி, போனது அந்த பேரிங்தானா என்று நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் படுத்து, ஷாஃப்டின் நடுவில் சேஸிஸோடு தொங்குகிற பிராக்கெட்டுக்குள் டார்ச் அடியுங்கள். பேரிங்கைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது போயிருந்தால் ஓரிடத்தில் கிழிந்து, ஷாஃப்டைக் கையால் மேலே தள்ளினால் கிழிசல் மூடி, விட்டால் வாய் திறக்கும். லோடு ஏற்றி ஏறும்போது உதறுவதற்குப் பெரும்பாலும் இந்தக் கிழிந்த ரப்பர்தான் காரணம், ஏனென்றால் முதல் கியரில் எஞ்சினின் விசை பல மடங்காகி ஷாஃப்டுக்கு வரும்போது நடுப்பகுதி எம்பிக் குதிக்கிறது. இரைச்சல் மட்டும் இருந்து ரப்பர் நன்றாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். வளைவில் இடதும் வலதும் திரும்பும்போது சத்தம் மாறினால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒன்று, விட்டால் வேறொன்று என்று ஊளையிட்டால் டிஃபரன்ஷியலை, முன் கியரும் ரிவர்ஸும் மாற்றிப் போடும்போது ‘டக்’ என்றால் கிராஸை, அதாவது ஷாஃப்ட் வளைந்து கொடுக்கிற மூட்டை.

கழற்றுவதற்கு முந்தின நாள் சாயந்திரமே போல்ட்டுகளுக்குத் துருவை இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள், நம் ஊர் பனியிலும் மழையிலும் ஊறின போல்ட் சும்மா வராது. அப்புறம் முக்கியமான வேலை, அடையாளம் போடுவது. பின் ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டுச் சேர்க்கிற தட்டையான முகம்) இரண்டும் சேரும் இடத்தில், ஷாஃப்டின் இரண்டு பாகமும் ஸ்ப்ளைனில் (ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற பல்வரிசை) சேரும் இடத்தில், யோக்கும் (கிராஸைப் பிடித்திருக்கிற கவை) ஷாஃப்டும் சேரும் இடத்தில் எல்லாம் பெயின்ட்டால் கோடு இழுங்கள். சாக்பீஸ் கோடு எண்ணெய்க் கை பட்டதும் அழிந்துவிடும். இந்தக் கோடுகளைப் போடாமல் கழற்றி, ஸ்ப்ளைனில் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால்கூட இரண்டு முனை கிராஸும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, புது பேரிங் போட்டும் உதறல் போகவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள்.

முதலில் பின் ஃபிளேஞ்ச் போல்ட்டுகள், அடுத்து நடு பிராக்கெட். ஷாஃப்டைக் கிராஸில் தொங்க விடாமல் ஒரு கயிற்றிலோ கட்டையிலோ தாங்கிக்கொள்ளுங்கள். பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வாஷரோ தகடோ இருந்தால் எந்தப் பக்கம் எத்தனை என்று போட்டோ எடுத்து வையுங்கள், ஷாஃப்டின் கோணத்தை அதுதான் தீர்மானிக்கிறது. முன்பக்கம் கியர் பாக்ஸுக்குள் நுழைகிற வகை என்றால் உருவும்போது எண்ணெய் கொட்டும், ஒரு தட்டு வையுங்கள், திரும்ப மாட்டின பிறகு அளவு பார்த்து ஊற்றுங்கள்.

பழைய பேரிங்கை எடுப்பதில்தான் வீட்டு வேலை பெரும்பாலும் நின்றுபோகும். நடு நட்டைக் கழற்றி, யோக்கைப் புல்லர் (இறுகிய பாகத்தைத் திருகி இழுத்து எடுக்கிற கருவி) போட்டு இழுக்க வேண்டும். சுத்தியலால் அடித்து எடுக்கப் பார்த்தால் குழாய் வளையும், இல்லை பேலன்ஸுக்காக ஒட்டியிருக்கிற சின்னத் தகடு தெறித்துவிடும். புல்லருக்கு மசியவில்லை என்றால் ஷாஃப்டை மட்டும் லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், பிரஸ்ஸில் வைத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மற்ற வேலையெல்லாம் உங்களுடையதுதானே. புது பேரிங்கை ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் பொருந்துகிற குழாயை வைத்து அழுத்துங்கள். வெளி வளையத்தில் ஓர் அடி விழுந்தாலும் உள்ளே குண்டு ஓடுகிற தடத்தில் பள்ளம் விழும், மாட்டும் முன்பே பேரிங் கெட்டுவிடும். பிராக்கெட் எந்த முகம் முன்னால் என்பதைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரப்பரில் கிரீஸோ டீசலோ படக் கூடாது. நடு நட்டைப் புதிதாகவே போடுங்கள். ஷாஃப்ட் கையில் இருக்கும்போதே கிராஸ்களை நாலு பக்கமும் அசைத்துப் பாருங்கள், எங்காவது சிக்கிச் சிக்கி நகர்ந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது, இதற்காக இன்னொரு முறை அடியில் படுக்க வேண்டாம்.

மாட்டும்போது பிராக்கெட் போல்ட்டைக் கையால் மட்டும் முறுக்கி விட்டுவிட்டு, ஃபிளேஞ்சைக் கோடு பார்த்துச் சேர்த்து இறுக்குங்கள். பிறகு ஜாக்கியை இறக்கி, வண்டியின் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு, ரப்பர் எந்தப் பக்கமும் இழுபடாமல் நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பிராக்கெட்டை இறுக்குங்கள். இறுக்க அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், டார்க் ரெஞ்சை (இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பேனர்) இரவல் வாங்கியாவது அதன்படி செய்யுங்கள்.

உடனே லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்காதீர்கள். முதலில் காலி வண்டியில் ஊருக்குள்ளேயே ஓட்டி, ஒரு ஏற்றத்தில் முதல் கியரில் கிளப்பிப் பாருங்கள். உதறல் இல்லை என்றால் நாலைந்து நாள் ஓட்டிவிட்டு, திரும்ப அடியில் படுத்து எல்லா போல்ட்டையும் ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.