முதுகில் ஊசி, காதில் பாட்டு: விழித்திருந்தபடி அறுவை செய்துகொள்பவருக்கு

கேள்வி: எங்கள் ஊர் தங்கச்சிமடம். என் தகப்பனாருக்கு வயது 61, விசைப்படகில் தொழில் செய்கிறார். வலப்பக்கக் குடலிறக்கத்துக்கு அறுவை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டதால், மீன்பிடித் தடைக்காலத்திலேயே செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். முழு மயக்கம் வேண்டியதில்லை, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தால் போதும் என்கிறார்கள். விழித்துக்கொண்டிருக்கும்போதே அறுப்பார்கள் என்று கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. அந்த ஊசி போட்டால் காலமெல்லாம் முதுகு வலிக்கும் என்று ஊரில் வேறு பயமுறுத்துகிறார்கள். பாட்டுக் கேட்டால் மயக்க மருந்தே குறைவாகப் போதும் என்று செல்போனில் ஒரு காணொளி பார்த்தோம். இது உண்மையா? உண்மையென்றால் எந்தப் பாட்டை, எப்படிப் போடுவது?

பதில்: பாட்டு உதவும். ஆனால் வலியை நிறுத்தும் வேலை பாட்டினுடையது அன்று. அதற்கு மருந்து இருக்கிறது. முதுகில் போடும் ஊசி வலியை முழுமையாக நிறுத்திவிடும், ஆனால் காதையும் மனத்தையும் தொடாது. உங்கள் தகப்பனாரைத் தூங்கவிடாமல் செய்வது வலியைப் பற்றிய கவலையைக் காட்டிலும், விழித்திருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமே என்ற அச்சமாகத்தான் தெரிகிறது. பாட்டுக்கு வேலை இருப்பது அங்கேதான்.

மயக்க மருத்துவர் என்ற முறையில், முதலில் அந்த ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூளையிலிருந்து இறங்கி வரும் தண்டுவடம் முதுகெலும்பின் கடைசி வரை நீள்வதில்லை; பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் இடுப்பின் மேற்பகுதியில், முதல் இடுப்பு முள்ளெலும்பை ஒட்டியே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தெளிந்த நீர் நிறைந்த ஓர் உறைக்குள் நரம்பிழைகள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். பொதுவாக மூன்றாவது, நான்காவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே மெல்லிய ஊசியைச் செலுத்தி, அந்த நீரில் புபிவக்கைன் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சில மில்லி லிட்டர் அளவுக்குக் கலக்கிறோம். ஊசி தண்டுவடம் இருக்கும் இடத்துக்கே போவதில்லை என்பதால், ‘தண்டுவடத்தில் குத்திவிடுவார்கள்’ என்ற பயத்தை அவர் விட்டுவிடலாம். நரம்புச் சுவரில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை அந்த மருந்து அடைத்துவிடுவதால் வலிச் செய்தி மூளைக்கு ஏறாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. சில நிமிடங்களில் கால்கள் வெதுவெதுப்பாகி, கனத்து, பிறகு அசைக்க முடியாமல் போகும். இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் பெரும்பாலோருக்கு உணர்வு திரும்பிவிடும்.

இங்கே ஒன்றை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது மிக அவசியம். வலி போய்விட்டாலும், தொடுவதும் அழுத்துவதும் இழுப்பதும் ஓரளவு தெரியும். இது தெரியாமல் மேசையில் படுத்திருப்பவர், வயிற்றில் ஏதோ இழுபடுவதை உணர்ந்தவுடன் ‘மருந்து வேலை செய்யவில்லை, இனி வலிக்கப் போகிறது’ என்று பதறிவிடுகிறார். நாங்கள் ஊசி போட்ட பிறகு குளிர்ச்சியான ஒன்றைத் தொட்டோ, கிள்ளியோ பார்த்து, மரப்பு தேவையான உயரத்துக்கு ஏறியதை உறுதிசெய்த பின்னரே அறுவை மருத்துவருக்கு அனுமதி கொடுப்போம். அறுவை நடக்கும்போது குமட்டலோ, தலை கிறுகிறுப்போ, நடுக்கமோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம் இறங்குவது இந்த முறையில் வழக்கம். அதைச் சரிசெய்யும் மருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

காலமெல்லாம் முதுகு வலிக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. குத்திய இடத்தில் சில நாள் தொட்டால் நோவு இருக்கலாம், அவ்வளவுதான். இத்தனை ஆண்டு படகின் ஆட்டத்தில் நின்று வலை இழுத்த முதுகில் ஏற்கெனவே வலி இல்லாதிருந்தால்தான் வியப்பு. அந்த வலி பிறகு தலைகாட்டும்போது பழி ஊசியின் மேல் விழுந்துவிடுகிறது. உண்மையில் கவனிக்க வேண்டியது தலைவலியை. ஊசி போன துளை வழியே நீர் கசிந்தால், உட்கார்ந்தாலும் நின்றாலும் கடுமையாகி, படுத்தால் தணியும் தலைவலி ஒன்று அடுத்த ஓரிரு நாளில் வரலாம். இன்றைய மெல்லிய ஊசிகளால் இது நூற்றில் ஒருவருக்கு என்ற அளவுக்கு அரிதாகிவிட்டது. வந்தாலும் மருத்துவம் இருக்கிறது; வீட்டில் பொறுத்துக்கொண்டு கிடக்காமல் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். அறுவை அரங்கு அமைதியான இடம் அன்று. தட்டில் கருவிகள் விழும் ஓசை, இரத்தக் கசிவை நிறுத்தும் மின்கருவியின் ஒலி, உறிஞ்சு குழாயின் இரைச்சல், செவிலியரை நோக்கி மருத்துவர் எழுப்பும் குரல் எல்லாம் விழித்திருப்பவரின் காதில் விழும். இவற்றுக்கு நடுவே சீராக ஒலித்துக்கொண்டிருக்கும் ‘டிக், டிக்’ ஓசை விரலில் மாட்டிய கருவியினுடையது. அதன் ஒவ்வொரு ஒலியும் ஒரு நாடித்துடிப்பு. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்காமலேயே ஆபத்தை எங்களுக்குக் காட்டிக்கொடுப்பது அந்தச் சுருதிதான். அதனால்தான் அரங்கம் முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதை நான் விரும்புவதில்லை. நோயாளியின் காதுக்கு மட்டும் பாட்டு, எங்கள் காதுக்கு அந்த ஓசை என்பதே சரியான பங்கீடு.

இது புதிய யோசனையும் அன்று. அமெரிக்காவைச் சேர்ந்த இவான் கேன் என்ற அறுவை மருத்துவர் 1914-இலேயே, அரங்கில் கிராமபோன் வைத்து நோயாளிகளின் அச்சத்தைத் தணிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். (அதே மனிதர்தான் 1921-இல், விழித்திருந்தபடி, தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தவர். உங்கள் தகப்பனாரிடம் இதைச் சொல்லுங்கள், சிரித்தாலும் சிரிப்பார்.) 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஏறத்தாழ 7,000 பேர் பங்கேற்ற 73 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இசை கேட்டவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய வலியும் பதற்றமும் வலிநிவாரணி மருந்தின் தேவையும் குறைந்திருந்தன. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை. முழு மயக்கத்தில் இருந்தவர்களுக்கும் பலன் தென்பட்டது, விழித்திருந்தவர்களுக்கு அது கூடுதலாக இருந்தது.

நீங்கள் பார்த்த காணொளி இந்த உண்மையை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிவிட்டது. குறையக்கூடியது பதற்றத்தைத் தணிக்கத் தரும் மருந்தும், பிறகு தரும் வலி மருந்தும்தான். முதுகில் போடும் மருந்தின் அளவு அவருடைய உயரம், உடல்நிலை, அறுவை நடக்கும் இடம் ஆகியவற்றைப் பொறுத்தது. எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதில் ஒரு சொட்டும் குறையாது, குறைக்கவும் கூடாது. பதற்ற மருந்தைப் பொறுத்தவரை, 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 157 பேரை இரண்டாகப் பிரித்து, கையிலோ காலிலோ நரம்பு மரப்பு ஊசி போடுவதற்கு முன் ஒரு பகுதியினருக்கு மிடசோலம் என்ற மருந்தையும் மறு பகுதியினருக்கு இசையையும் கொடுத்துப் பார்த்தது. பதற்றம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிந்தது. ஆனால் வெளி ஓசையை முற்றிலும் அடைக்கும் ஹெட்போன் மாட்டியவர்களோடு பேசுவது மருத்துவருக்கும் கடினமாயிற்று, அவர்களுக்கும் கடினமாயிற்று. எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது அந்தப் பிற்பகுதிதான்.

எந்தப் பாட்டு என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், அவரையே கேளுங்கள். மகன் விரும்பும் பாட்டு தகப்பனாருக்கு இரைச்சலாக இருக்கலாம். ஆய்வுகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரையிலான, திடீரென்று ஓங்கி எழாத மெல்லிசையைப் பயன்படுத்துகிறார்கள். ஆறுதலாக இருக்கும் இதயத் துடிப்பின் வேகமும் ஏறத்தாழ அதுதான். குழல், வீணை, பழைய மெல்லிசை, மாதா பாடல், இஸ்லாமிய கீதம், தேவாரம் எதுவாயினும் அவர் மனத்துக்கு இசைந்தால் போதும். குறிப்பிட்ட ராகம் குறிப்பிட்ட நோயைத் தீர்க்கும் என்று பட்டியல் போட்டு விற்பவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். நீலாம்பரி தாலாட்டுக்கு உகந்தது என்பது நம் மரபு, ஆனால் அதைக் கேட்டால் தையல் விரைவில் ஆறும் என்பதற்குச் சான்று இல்லை. கடலில் பாடும் அம்பாப் பாட்டு அவருக்கு உயிராக இருக்கலாம். ஆயினும் அது உடலை இழுக்கவும் தள்ளவும் முடுக்குவதற்கென்றே பிறந்த தாளம். அசையாமல் படுத்திருக்க வேண்டிய நேரத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொரு எச்சரிக்கை: மிக அழகான பதிகமாக இருந்தாலும், அதைச் சாவு வீட்டில் கேட்ட நினைவு அவருக்கு இருக்குமானால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்குக் குறையாத பாடல்களைச் செல்போனிலேயே பதிவிறக்கி வையுங்கள். இணையத்தில் ஓடவிட்டால் இரண்டு பாட்டுக்கு நடுவே விளம்பரம் ஒன்று அலறும். போனை விமானப் பயன்முறையில் வைக்காவிட்டால் ‘ஆபரேஷன் முடிந்ததா’ என்று உறவினர் அழைப்பார். கம்பியில்லாத சிறிய இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டலாம். பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசினால் அவருக்குக் கேட்க வேண்டும், அந்த அளவுக்கே ஒலி இருக்கட்டும். படகு எஞ்சின் அருகே பல ஆண்டுகள் இருந்தவர்களுக்குக் காது மந்தப்பட்டிருப்பது உண்டு. அப்படியானால் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகாமல், எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்பதை மயக்க மருத்துவரிடம் சொல்லி, அந்தக் காதைப் பேச்சுக்கு விட்டுவிடுங்கள். அறுவைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் இதே பாடல்களைக் கேட்டுப் பழகினால் அரங்கில் அவை இன்னும் நன்றாக உதவும், தூக்கமின்மைக்கும் ஒரு வழியாக இருக்கும். சொந்தக் கருவியை அரங்குக்குள் விடுவதா என்பது அந்த மருத்துவமனையின் முடிவு. கிருமித் தொற்று, மின்கருவிப் பாதுகாப்பு ஆகிய காரணங்களால் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அரங்குக்கு வெளியே காத்திருக்கும் அரை மணி நேரத்தில் கேட்பதற்கும் நல்ல பலன் உண்டு.

இந்த அனுமதியைக் கேட்க உரிய இடம், அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் செய்யும் பரிசோதனை. அங்கே பாட்டைவிடப் பெரிய விஷயங்களும் இருக்கின்றன. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம் ஆகியவற்றுக்கு எடுக்கும் மாத்திரை அட்டைகளையும் நாட்டு மருந்து எதையேனும் சாப்பிட்டால் அதையும் கையோடு கொண்டு செல்லுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் முதுகில் ஊசி போடலாமா என்பதையே அது தீர்மானிக்கும். ஆடும் பல், கட்டிய பல், மது, பீடி எதையும் மறைக்கக் கூடாது. பீடி குடிப்பவரானால் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-இலிருந்தே நிறுத்திவிட்டு, நான்கு வாரம் கழித்து மே நடுவில் அறுவைக்கு நாள் கேட்கலாம். நுரையீரல் ஓரளவு தேறியிருக்கும், இருமி இருமித் தையலை இழுக்கும் தொல்லையும் குறையும். அப்படிச் செய்தால் ஜூன் 14-இல் தடை முடியும்போது அறுவை முடிந்து நான்கு வாரமே ஆகியிருக்கும். முதல் நாளே வலை இழுக்கப் போவேன் என்று அவர் கிளம்பினால் தடுக்கும் பொறுப்பு உங்களுடையது.

விழித்திருக்கும் அறுவைதானே என்று சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. மரப்பு போதாமல் முழு மயக்கத்துக்கு மாற நேரலாம், அப்போது இரைப்பையில் உணவு இருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். கொழுப்பும் இறைச்சியும் உள்ள உணவுக்கு 8 மணி, எளிய உணவுக்கு 6 மணி, வெறும் தண்ணீருக்கு 2 மணி நேர இடைவெளி என்பது பொது விதி. உங்கள் மருத்துவமனை இதைவிடக் கண்டிப்பாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பால் கலந்த தேநீர் தண்ணீர்க் கணக்கில் வராது. இராமநாதபுரத்தில் அறுவை என்றால், விடியற்காலையில் பசியோடு பாம்பன் பாலம் தாண்டிப் போவதைவிட முந்தைய நாளே சேர்ந்துவிடுவது நல்லது.

முழு மயக்கத்துக்கு மாறினால் நடுவில் நினைவு வந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கும். பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பின் 2014 அறிக்கையில், முழு மயக்கம் பெற்றவர்களில் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவரே அப்படிச் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

அறுவை முடிந்ததும் காலில் உணர்வு முழுமையாகத் திரும்பும் வரை துணையில்லாமல் எழக் கூடாது. ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் போகவில்லை என்றாலோ, கால் மரப்பு விடவில்லை என்றாலோ, போன மரப்பு திரும்பி வந்தாலோ செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். வலி தலைகாட்டும் முதல் இரவில் அதே பாடல்களை மறுபடியும் போடலாம், வலி மாத்திரையை நிறுத்திவிட்டு அல்ல, அதோடு சேர்த்து. வார்டிலும் இயர்போனில்தான் கேட்க வேண்டும். அடுத்த கட்டிலில் இருப்பவருக்கும் பிடித்த பாட்டு என்று ஒன்று உண்டு, அது பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும்.