தலையும் இதயமும் மட்டும் ஏன் பழுப்பாகின்றன?

கேள்வி: நான்கு நாள் கோழிக் கருவை வெட்டாமல் முழுசாக வைத்து, நரம்பு செல்களில் உள்ள நியூரோஃபிலமென்ட் புரதத்துக்கு ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் மூலக்கூறு) போட்டு, டிஏபி என்ற பழுப்பாக மாறும் வேதிப்பொருளில் நிறம் எடுத்தேன். நரம்புகள் மங்கல், தலையும் இதயமும் அடர்பழுப்பு. முதன்மை ஆன்டிபாடி (அந்தப் புரதத்தில் நேராக ஒட்டுவது) போடாத கருவிலும் அந்தப் பழுப்பு இருக்கிறது. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

பதில்: அதைப் போடாத கருவே பழுப்பாகிறது என்றால் அதன்மேல் எப்படிப் பழி போடுவது? புதுக் குப்பிக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

இதயத்தில் இருப்பது ரத்தம். டிஏபியைப் பழுப்பாக்குவது, முதன்மையைப் பிடித்துக்கொள்ளும் இரண்டாம் ஆன்டிபாடியோடு வரும் பெராக்சிடேஸ் நொதி, ஆனால் சிவப்பணுவின் ஹீமோகுளோபினும் ஓரளவு அதே வேலையைப் பார்க்கும். ஒரு கருவை எந்த ஆன்டிபாடியும் காட்டாமல் நேரே டிஏபி கலவையில் போடுங்கள் (கையுறை கட்டாயம், அது புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள பொருள்). அப்போதும் இதயம் பழுப்பானால் குற்றவாளி ரத்தம்தான். அடுத்த முறை ஆன்டிபாடிக்கு முன்பே மெத்தனாலில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து ஊறவையுங்கள், ரத்தத்தின் இந்த வேலை அடங்கிவிடும்.

தலை வேறு கதை. இந்த வயதில் மூளை என்பது உள்ளே வெற்றிடமுள்ள குமிழ்களின் வரிசை, உள்ளே போன ஆன்டிபாடி கழுவும்போது வெளியே வராமல் தேங்கிவிடும். பின்மூளையின் கூரை மெல்லிய சவ்வுதான், ஆரம்பத்திலேயே நுண்ணூசியால் அதில் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள், அப்புறம் ஒவ்வொரு ஆன்டிபாடிக்குப் பிறகும் மணிக்கணக்கில், பலமுறை திரவம் மாற்றிக் கழுவுங்கள். பலரும் அவசரப்படுவது இங்கேதான்.

நரம்பு மங்கலாவது பெரும்பாலும் ஆழத்தால். ஆன்டிபாடி சுமார் 150 கிலோடால்டன் எடையுள்ள பெரிய மூலக்கூறு, மெல்லிய வெட்டுக்கு ஓர் இரவு போதும், முழுக் கருவுக்குள் போக சவ்வுகளில் வழி திறக்கும் சோப்பு போன்ற ட்ரைட்டான் சேர்த்து 4 டிகிரியில் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். இரண்டாவதுக்கும் அதே பொறுமை வேண்டும்.

கேள்வி: சுண்டெலிக் கருவில் சுண்டெலியில் தயாரித்த ஆன்டிபாடியைப் போடலாமா?

பதில்: போடலாம், தொல்லை அதிகம். தாயின் ஆன்டிபாடிகள் கருவுக்குள்ளும் வந்துசேர்வதால் இரண்டாம் ஆன்டிபாடி அவற்றையும் பிடித்துக்கொள்ளும். முயலில் தயாரித்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முதன்மையிலேயே ஒளிரும் சாயத்தை ஒட்டி இரண்டாவதைத் தவிர்க்கலாம், 1941-இல் அமெரிக்க விஞ்ஞானி ஆல்பர்ட் கூன்ஸ் குழு நிமோகாக்கஸ் கிருமியை ஒளிர வைத்தது இப்படித்தான். ஒளி மட்டும் குறையும், ஏனென்றால் ஒரு முதன்மைமேல் பல இரண்டாம் ஆன்டிபாடிகள் உட்காரும் லாபம் இதில் இல்லை.