மலேசியாவின் 2016 வறுமை விகிதம்: 0.4-ஆ, 7.6-ஆ?

தங்கச்சி, 2016-க்கு ஓர் அறிக்கையில் 0.4 விழுக்காடு, இன்னொன்றில் 7.6 என்று இருக்கிறது, ஆய்வேட்டில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே அரசாங்கக் கணக்குதான். மாறியது வறுமைக் கோடு. பழைய கோடு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி (ரிங்கிட்). கோலாலம்பூரில் அதை வைத்து யார் குடும்பம் நடத்த முடியும்? 2019-ல் இங்கு வந்த கடும் வறுமை பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டனும் அந்தக் கோட்டைக் கடுமையாகக் குறை சொன்னார். 2020-ல் அது 2,208 வெள்ளியானது. புதிய முறையில் 2016-ஐத் திரும்பக் கணக்கிட்டதில் வந்ததுதான் 7.6. அதே முறையில் 2019-க்கு 5.6.

அதனால் 0.4-ஐயும் 5.6-ஐயும் பக்கத்தில் வைத்து வறுமை கூடிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். ஒரே கோட்டில் பார்த்தால் குறைந்திருக்கிறது. வைவாவில் (ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் பிடிப்பார்கள்.

அப்புறம், பிபிஆர் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு வீடமைப்பு) அடுக்குமாடியில் நீங்கள் எடுக்கப்போகும் நேர்காணல். "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் சொல்வார்கள். ஓவர்டைம், அம்மா காலையில் விற்கும் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), மகன் ஓட்டும் கிராப் வாடகை வண்டி, எதுவும் கணக்கில் வராது. போன வாரச் செலவிலிருந்து தொடங்குங்கள்: அரிசி, பால்மாவு, பள்ளி வேன் காசு, வாடகை பாக்கி. வீட்டில் எத்தனை பேர் என்பதையும் கண்டிப்பாகக் குறியுங்கள். 3,000 வெள்ளியில் மூன்று பேர் வாழ்வதும் ஏழு பேர் வாழ்வதும் ஒன்றல்ல. பி40 (வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டுக் குடும்பங்கள்) என்ற ஒரே பெட்டிக்குள் அந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

கேள்வித்தாள் தயாரானதும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.